பாவரா, பாவமா?

ஏ அய்யா, அந்தப் பொட்டிய மூடி வச்சிட்டு இப்படித் திண்ணைக்கு வா. மூணு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பொங்கலுக்கு வந்த புள்ள கரும்பக் கடிப்பான்னு பாத்தா, நகத்தக் கடிச்சிக்கிட்டிருக்கான். உங்க ஆச்சி வேற, பேரனுக்குக் காத்துக் கருப்பு அண்டிருச்சி, துண்ணூறு போடணும்னு அலையுதா. விசாரிச்சா ஒத்தச் சொல்லாம். அவன் எழுத்துல எண்ணுனா அஞ்சே எழுத்து. பாவர்!

பவேரியாவுல ஒரு கிழவன் தன் கதைய எழுதி வச்சிருக்கான், அத நீ இங்கிலீசுக்குக் கொண்டுபோகணும், அவன் தன்னப் பாவர்ங்கான், அதுக்கு 'பெசன்ட்'னு போடவா 'ஃபார்மர்'னு போடவா. இம்புட்டுதான? எனக்கு ஜெர்மன் தெரியாது. நீ வாசிச்சுக் காட்டுனதுல காதுல விழுந்தது கொஞ்சம், மண்டையில ஒட்டுனது அதுல பாதி. ஆனா ஒண்ணு ராசா, நீ மூணு வருசமா ஜெர்மன் படிக்கே, நான் எழுபது வருசமா பாவரா இருக்கேன். என்னய விட்டுட்டு டிக்சனரிகிட்டப் போயி கேட்டிருக்கே. சரி, படிச்ச புள்ள.

நீ படிச்ச இடமும் அப்படி. மாக்ஸ் முல்லர் பவன். அந்த மனுசன் ஜெர்மனியில பெறந்து, ஆக்ஸ்போர்டுல உக்காந்து, இங்கிலீசுல நம்ம ஊரப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுனாரு, நம்ம ஊரு மண்ண மட்டும் மிதிச்சதே இல்லன்னு நீதான சொன்னே. அவரு பேரு வச்ச கட்டடத்துல படிச்சவன் பாவரத் தேடி புஸ்தகத்துக்குள்ள போறதுல குத்தம் சொல்ல முடியாது.

சுலுவா ஒரு வழி இருக்கு. ஜெர்மனியில மொழிபெயர்ப்புக்குக் கூலி வரிக்கணக்குன்னியே, ஒரு வரின்னா 55 எழுத்து, சொல்லுக்கு நடுவுல விடுத சந்துக்கும் சேத்துன்னு. நல்ல ஊருய்யா! நம்மூர்ல வரப்புல உக்காந்த நேரத்துக்கு எவன் கூலி தந்தான்? பெசன்ட்டுக்கு ஏழு எழுத்து, ஃபார்மருக்கு ஆறு. கண்ண மூடிக்கிட்டுப் பெசன்ட்னு போட்டா எடத்துக்கு ஒரு எழுத்து லாபம். என்ன மொறைக்கே? வேண்டாம்னா விடு.

மொதல்ல இந்த இங்கிலீஸ்காரன் சங்கதியப் பாப்போம். ரெண்டு சொல்லுமே அவன் பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்குனது. அதுல ஃபார்மர்ங்கவன் ஆதியில வரி வசூலக் குத்தகைக்கு எடுத்தவனாம், பொறவு நெலத்தக் குத்தகைக்கு எடுத்தவனாம். ஏரப் பிடிச்சவன் இல்ல பாத்துக்கோ! பெசன்ட்டுன்னா நாட்டுப்புறத்தான். பாவரோட சொந்தத் தாயாதி ஒருத்தன் டச்சு வழியா அங்க போய்ச் சேந்தான். அவன் பேரு 'பூர்'. போன புதுசுல அவனும் சம்சாரிதான். இப்போ அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நாகரிகம் தெரியாத காட்டான். விருந்தாளியா வந்தவனத் தொழுவத்துல கட்டிப்போட்ட கதை.

ஜெர்மன்ல பாவரோட பூர்வீகம் அப்படியில்ல. ஒரு குடியிருப்புல கூடக் குடியிருக்கவன், அடுத்த வீட்டுக்காரன், அதுதான் பழைய பொருள்னு நீ வாசிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்திருச்சி. நம்ம குடியானவனும் குடியிலருந்து வந்தவன்தான? நாலாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அங்கிட்டு இருக்கவனும் இவனப் பாத்து அதையேதான் நெனச்சிருக்கான்: இங்கன குடியிருக்கான், எங்கயும் போகமாட்டான்.

இனி அந்த ஊரு வரலாறு. 1525-ல பாவருக எல்லாம் சேந்து கிளம்புனானுக. மெம்மிங்கன்ங்கிற ஊருல பன்னெண்டு கோரிக்கை எழுதுனானுக. அடிமை முறை வேண்டாம், எங்க பாதிரிய நாங்களே வச்சுக்கிடுதோம், காட்டுல வெறகு பொறுக்க விடு, ஆத்துல மீன் பிடிக்க விடு. அநியாயமா ஏதாவது கேட்டிருக்கானா பாரு! ஃப்ராங்கன்ஹவுசன்ங்கிற ஊருல வச்சு பிரபுமாரு அவனுகள வெட்டிச் சாச்சுட்டானுக. மார்ட்டின் லூத்தரே பாவருக்கு எதிரா எழுதுனாரு. அந்தச் சண்டைக்கு இங்கிலீசுல பேரு பெசன்ட் யுத்தம். 2024 சனவரியில அதே பாவரு டிராக்டரோட பெர்லினுக்குள்ள பூந்தான், டீசல் மானியத்துல கைய வைக்காதேன்னு. அவன இங்கிலீஸ் பேப்பர்க்காரன் ஃபார்மர்ங்கான். ஐநூறு வருசத்துல அவன் ஊர்ல சொல்லு மாறல, கேக்குத கேள்விகூட ரொம்ப மாறல. டிராக்டர் வந்ததும் இங்கிலீசுல பேரு மட்டும் ஒசந்திருச்சி.

இதுவாவது ஐநூறு வருச எடைவெளி. சுவரு கட்டி நாட்ட ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தானுகளே, அதக் கேளு. கெழக்க இருந்தவன் தன்னத் 'தொழிலாளி, பாவர் அரசு'ன்னு சொல்லிக்கிட்டான். அத இங்கிலீசுல பெசன்ட்னு போட்டானுக. மேற்க பாவருக்குச் சங்கம் இருந்துது, 1948-ல தொடங்குனது, அத ஃபார்மர் சங்கம்னு போட்டானுக. ஒரே காலம், ஒரே பாஷை, ஒரே உருளைக்கிழங்கு. சுவருக்குக் கெழக்க நின்னு தோண்டுனா பெசன்ட், மேற்க நின்னு தோண்டுனா ஃபார்மர். 1960-க்குள்ள கெழக்க நெலத்தையெல்லாம் கூட்டுப் பண்ணையில சேத்து முடிச்சிட்டானுக. பேருல மட்டும் பாவர் பத்திரமா இருந்தான்.

நான் வெத்தலைய மெல்லாம கேட்டது ஹிட்லர் சட்டத்தத்தான். 1933-ல ஒரு பரம்பரைப் பண்ணைச் சட்டம். 125 ஹெக்டேர் வரைக்கும், நம்ம கணக்குக்கு 300 ஏக்கருக்கும் மேல. அந்தப் பண்ணைய விக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, பங்கு வைக்கக் கூடாது, ஒத்த வாரிசுக்குத்தான். அப்படிப் பண்ணை வச்சிருக்கவன் மட்டும்தான் தன்னப் பாவர்னு சொல்லிக்கிடலாமாம். அதுக்கும் ஜெர்மன் ரத்தமா, என்ன ரத்தம்னு பாப்பாங்களாம். மத்தவனெல்லாம் எம்புட்டு உழுதாலும் வெறும் 'லாண்ட்விர்ட்'. வசவாக் கெடந்த சொல்லத் தூக்கிப் பட்டமாக்கி, அதுக்குக் காவலும் போட்டுட்டான் பாத்தியா! 1947-ல வெளிநாட்டுக்காரன் வந்து அந்தச் சட்டத்த ரத்து பண்ணுனான். இன்னைக்கு லாண்ட்விர்ட்டுக்கு மூணு வருசம் தொழிற்படிப்பு இருக்கு, சர்டிபிகேட் உண்டு. பாவருக்கு என்ன இருக்கு? முதுகுவலி.

இந்தப் பக்கத்த மாத்தும்போது சூதானமா இரு. உன் கிழவன் 1935-ல 'எங்க அப்பா பாவர்'னு சொல்லியிருந்தா, அது பெசன்ட்டும் இல்ல, ஃபார்மரும் இல்ல, சர்க்காரு குடுத்த பட்டம். அந்த எடத்துல மொழிபெயர்க்காத, பாவர்னே விட்டுட்டு, பக்கத்துலயே ஒரு வாக்கியத்துல நைசாச் சொல்லிட்டுப் போ. எல்லாப் பொருளையும் உரிச்சு விக்கணும்னு இல்ல. தேங்காய மட்டையோடயும் விக்கலாம்.

அடுத்து அந்தப் பழமொழி. பாவருக்குத் தெரியாததப் பாவர் தின்னமாட்டான்னு டவுன்காரன் கேலி பண்ணுதது. மனுசன் சாப்பிட்டா 'எஸ்ஸன்', மாடு தின்னா 'ஃப்ரெஸ்ஸன்', பழமொழியில பாவருக்கு ஃப்ரெஸ்ஸன்தான் போட்டிருக்குன்னே. நீ இங்கிலீசுல ஒத்த 'ஈட்'ட வச்சுக்கிட்டு முழிக்கே. தமிழ்ல கேட்டிருந்தா சாப்பிடு, தின்னு, கொட்டிக்கோ, முழுங்கு, மேயின்னு ஒரு பந்தியே போட்டிருப்பேன், உங்க ஆச்சி எனக்கு நித்தம் ஒண்ணு சொல்லுதா. இங்கிலீசுல இல்லன்னா இல்ல. ஒரு மாடு நொண்டுனா பாரத்த மத்த மாட்டுப் பக்கம் தள்ளி ஏத்துதமா இல்லியா? வினைச்சொல்லு தாங்கலன்னா வசவத் தூக்கிப் பேருமேல வையி. 'ஈட்' பாட்டுக்குச் சாதுவாப் போகட்டும், பாவர அந்த எடத்துல மட்டும் பட்டிக்காட்டான்னு ஆக்கு. மொத்த எடை சரியா வந்தாப் போதும், எந்தச் சாக்குல எத்தன கிலோன்னு எவன் பாக்கான்?

உன் கிழவன் கதையில பாவர் எத்தன எடத்துல வருது? நாப்பத்தொண்ணு. எண்ணி வச்சிருக்கே! ஆனா யார் வாயிலருந்து வருதுன்னு எண்ணலியே. அவனே தன்னச் சொல்லுத எடம் ஒண்ணு, மூனிக்லருந்து வந்த மருமகன் சொல்லுத எடம் ஒண்ணு. மருமகன் வாயிலருந்து வந்தா யோசிக்கவே வேண்டாம், வசவுதான், மாப்பிள்ள முறுக்கு எந்த ஊர்லயும் ஒண்ணுதான். கிழவன் பாங்குல போயி 'நான் பாவர்'னா ஃபார்மர். சாராயக்கடையில உக்காந்து 'நான் வெறும் பாவர், எனக்கு என்ன தெரியும்'னா? அது பெசன்ட். ஆனா அவன் சொல்லும்போது எதிராளி மடியில கைய விட்டுட்டான்னு அர்த்தம். அதுக்கும் அவங்கிட்ட ஒரு சொல்லு இருக்கே, வாயில நொழையாத சொல்லு, பாவர்ன்ஷ்லொயெ. பாவருக்குன்னே உள்ள சூது. படிச்சு வராது, பாடுபட்டு வாரது. அதுக்கு இங்கிலீசுல என்ன போடன்னு கேக்கே. தெரியலய்யா, எனக்கு என்ன தெரியும்? நான் வெறும் சம்சாரி.

சம்சாரின்னதும் ஞாபகம் வருது. போன தடவ உன் மெட்ராஸ் கூட்டாளிகிட்ட நான் சம்சாரின்னேன். 'அப்படியா தாத்தா, எத்தன புள்ளைங்க'ன்னு கேட்டான். கரிசக்காட்டுக்கு வெளிய போனா அந்தச் சொல்லுக்குக் கலப்பையே கெடையாது, பொண்டாட்டி புள்ளதான்!

சரி, பொட்டியத் தொற. அதுக்கு முன்ன ஒரே ஒரு சந்தேகம். பெசன்ட்டா ஃபார்மரான்னு மூணு நாளா சாப்பிடாமக் கெடக்கியே, பொண்ணு பாக்கக் குடுத்த பயோடேட்டாவுல 'தாத்தா தொழில்'ங்கிற எடத்துல 'அக்ரிகல்ச்சரிஸ்ட்'னு ஒரு நிமிசத்துல போட்டியாமே. மூணு ஏக்கர் மானாவாரிக்கு அது எந்த டிக்சனரிய்யா?