ராயல்டி வாங்கிய குற்றம்

யூடியூபில் அந்த அரை நிமிடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 1973 ஜனவரி, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். பார்பேரியன்ஸ் ரக்பி அணி நியூசிலாந்தோடு மோதுகிறது. பில் பென்னட் தன் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை எடுத்து, துரத்தி வந்தவர்களை வரிசையாக ஏமாற்றுகிறார். பந்து கைமாறிக் கைமாறி வருகிறது. கடைசியில், வேறொருவருக்குப் போக வேண்டிய பந்தை நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டு ஒருவர் இடது மூலைக்கு ஓடிப் பாய்கிறார். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன் கேரத் எட்வர்ட்ஸ்.

1967 முதல் 1978 வரை வேல்ஸுக்காகத் தொடர்ந்து 53 டெஸ்ட், ஒன்றைக்கூட விடவில்லை. இருபது வயதில் கேப்டன். சம்பளம்? பூஜ்யம். ரக்பி யூனியன் அப்போது கனவான்களின் ஆட்டம். காசு வாங்குவது தீட்டு.

ஓய்வு பெற்றதும் மனிதர் சுயசரிதை எழுதினார். பணம் வந்தது, வாங்கிக்கொண்டார். போச்சு. தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தி, பயிற்சி தரவோ பொறுப்பில் இருக்கவோ கூடாதென்று ஒதுக்கிவைத்தார்கள். மைதானத்தில் எதிராளியின் மூக்கை உடைத்தவனுக்குக்கூடச் சில வாரத் தடைதான். இவர் செய்தது புத்தகம்.

இதைப் படித்தபோது எனக்கு இரக்கத்தைவிடப் பொறாமைதான் வந்தது. என் முதல் தொகுப்புக்கு ராயல்டியாகக் கிடைத்தது அதே தொகுப்பில் இருபது பிரதி. அந்தக் கனவான்கள் முன் என்னை நிறுத்தியிருந்தால், அப்பழுக்கற்ற அமெச்சூர் என்று சான்றிதழே எழுதித் தந்திருப்பார்கள்.

ஒதுக்கப்பட்டவர் தூண்டிலோடு போனார். 1990இல் லாண்டெக்வெத் நீர்த்தேக்கத்தில் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக் மீன் ஒன்றை இழுத்துப் போட்டார். அன்றைக்கு அது பிரிட்டன் சாதனை. அதற்கு முன்பே கார்டிஃப் நகர வணிக வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். சிலைக்கு ராயல்டி கிடையாது. அதனால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை போலும்.

1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், இனி யாரும் காசு வாங்கலாம் என்றது. ஒரே கூட்டத்தில் தீட்டு கழிந்தது. அறிவித்த தலைவர் வெர்னன் பியூ, அவரும் வேல்ஸ்காரர்தான். இப்போதெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போதே சுயசரிதை வந்துவிடுகிறது. எட்வர்ட்ஸ், சம்பளக்காரர்கள் ஆடும் கார்டிஃப் ப்ளூஸின் இயக்குநர் குழுவிலேயே உட்கார்ந்தார். 2015இல் சர் பட்டமும் வந்தது.

என்னுடைய இருபதில் பதினாறு பிரதி இன்னும் பரணில் இருக்கிறது.