புதுச்சேரியில் மிதிவண்டி விளக்குகளும் அவற்றின் செல்களும்: ஓர் இருட்டாய்வு

சைக்கிள் விளக்கு யாருக்காக எரிகிறது? இவ்வினாவுக்கு அறிஞர் உலகம் இன்றுவரை விடை கூறவில்லை. அறிஞர் உலகம் ஸ்கூட்டரில் போவது காரணமாக இருக்கலாம்.

முதலில் பிரெஞ்சுத் தொடர்பை நிறுவிவிடுவோம். அது இல்லாமல் இந்த ஊரில் எந்த ஆய்வும் எடுபடாது. டார்ச் செல்லுக்குப் பாட்டனைச் செய்தவர் ழார்ழ் லெக்லாஞ்சே, 1866. ஈய அமில பேட்டரியைச் செய்தவர் காஸ்தோன் பிளாந்தே, 1859. இருவருமே பிரெஞ்சுக்காரர்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே கவர்னர் துய்மாவுக்கு வீதி உண்டு (நாவலாசிரியர் துய்மா என்று நம்பிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் மன்னிக்க). கடற்படைத் தளபதி சுய்ப்ரேனுக்கும் உண்டு. லெக்லாஞ்சேவுக்கு ஒரு முட்டுச்சந்துகூட என் கண்ணில் பட்டதில்லை.

செல்லே கேட்காத டைனமோவில் தொடங்குவதே முறை. 6 வோல்ட், 3 வாட். முதலியார்பேட்டை மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்பியவர்களின் வெளிச்சம் இது. தட்டிவிட்டால் டயரோடு உரசிக்கொண்டு ரீங்காரமிடும். மிதிக்க மிதிக்க எரியும். பள்ளம் வந்தால் மிதி குறையும். மிதி குறைந்தால் வெளிச்சம் குறையும். ஆகவே பள்ளத்தில் இறங்கும் அந்தக் கணத்தில்தான் இருட்டு முழுமை பெறும். இதைப் ‘பள்ள விதி’ என்று குறிக்கலாம். மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்ட ஃபாரடே இதைக் கவனிக்கவில்லை. ஆங்கிலேயர், நம் ஊர் அவர் கணக்கில் வராது.

அடுத்து, சாதாரண டார்ச் செல். இது மங்கினால் இரண்டு மருத்துவ மரபுகள் உண்டு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வடகத்தோடு சேர்த்து வெயிலில் வைப்பது முதல் மரபு. சூட்டில் உள்ளிருக்கும் வேதிவினை கொஞ்சம் வேகம் பிடிப்பதால் ஒரு மாலை தாங்கும். பல்லால் கடிப்பது இரண்டாம் மரபு. இம்மரபினரின் பற்கள் பற்றிய தரவு இன்னும் திரட்டப்படவில்லை.

களப்பணி ஒன்றையும் பதிவு செய்கிறேன். ஐப்பசி அடைமழையில் செல்லோடு விளக்கை அலமாரியில் போட்டு மறந்தேன். கார்த்திகையில் திறந்தால் செல்லின் அடியில் வெள்ளைப் பூ. ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. கடற்காற்றே உப்பு, அதற்குமேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சிகரெட் பெட்டியின் ஜரிகைத் தாளை மடித்துச் செருகினேன். எரிந்தது, அடுத்த பள்ளம் வரை.

பொத்தான் செல்லுக்கு அதன் பெயரே ஜாதகம். சி.ஆர். 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போதும். வெள்ளைக்கு 3ஐ ஒட்டி வேண்டும். பின்விளக்கின் நீண்ட ஆயுளுக்கு இதுவும் ஒரு காரணம். தெருவிளக்கு உள்ள வாய்க்கால் கிழக்கில், இருக்கிறோம் என்று அறிவிக்க இந்த மினுக்கலே தாராளம்.

ஊசுட்டேரிப் பக்கமோ வில்லியனூர்ப் பக்கமோ போகிறவர்கள் சாலையையே பார்த்தாக வேண்டும். அவர்களுக்கு 18650 லித்தியம் செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 3.7 வோல்ட். இதன் ஒரே குறை, வீட்டில் சார்ஜர் ஒன்று, கேட்பவர்கள் நால்வர். செல்லுக்கும் செல்போனுக்கும் நடக்கும் போட்டியில் செல் வென்றதாக எங்கள் வீட்டு வரலாற்றில் சான்று இல்லை.

சரி, யாருக்காக எரிகிறது? பெரியவர்களைக் கேட்டால் போலீஸ்காரருக்காக என்பார்கள்: விளக்கில்லாமல் வந்தால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்களாம். என் தரவு வேறு. சென்ற மாதம் வில்லியனூர் சாலையில், அபூர்வமாக முழு சார்ஜில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே விளக்கில்லாத சைக்கிள் ஒன்று; ஹாண்டில்பாரில் காய்கறிப் பை.

“அண்ணே, லைட்டைக் கொஞ்சம் எறக்குங்க, கண்ணு கூசுது!”

இறக்கினேன். வெளிச்சம் என் முன்சக்கரத்தின் மேல் விழுந்தது. பாதிக் காற்றுதான் இருந்தது.