வெள்ளைத் துரையும் நாராயண பிள்ளையும்

கொலையுண்ட சக்கரவர்த்தி காலிகுலாவின் சலவைக்கல் முகத்தையே மறுபடி செதுக்கிக் கிளாடியஸ் ஆக்கிச் சிக்கனம் பண்ணிய ரோமாபுரிச் சிற்பிகள், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கைகட்டி நிற்கும் (பவ்யத்தால் அன்று, அதிகாரத்தால்) ராபிள்ஸ் துரையைக் கண்டிருந்தால் மெச்சியிருப்பார்கள். 1887இல் திறந்த கரிய வெண்கலத் துரை சற்றுத் தள்ளி நிற்கும்போதே, அவரை அச்செடுத்து 1972இல் செயற்கைச் சலவைக்கல்லில் வெள்ளையாகவும் பிரதிஷ்டை செய்தார்கள். 2019இல், துரை வந்திறங்கியதன் இருநூற்றாண்டு வைபவத்தையொட்டி, பின்னாலுள்ள மாடிக் கட்டடத்தின் நிறத்தைப் பூசி அவரை அந்தர்த்தானமாக்கினார் ஓர் ஓவியர். பின்பு வெள்ளைக்கே மீட்டு, சிங்கப்பூர்ச் சரித்திர புருஷர்களான சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை ஆகியோரையும் சிலையாக்கித் துணைக்கு நிறுத்தி, சில நாட்களிலேயே நால்வரையும் அப்புறப்படுத்தினார்கள். செங்கற்சூளை நடத்தி, 1827இல் மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலிய பிள்ளையவர்களுக்கு ஆற்றங்கரை வாசம் அவ்வளவே லபித்தது. பாதகமில்லை, சவுத் பிரிட்ஜ் சாலையில் அம்மனை இன்னும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.