பாலாத்துக்காரனுக்கு ஒரு பாய்மரம்

ஏம்பா மாப்ள, பாய்மரப் படகு வாங்கப் போறியாமே? ஆம்பூர் பஜார் பூரா இதே பேச்சுதான். நல்ல காரியம். 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுக்கினு போச்சே, அப்பவே வாங்கியிருந்தா ஊட்டாண்டையே கட்டிப் போட்டிருக்கலாம். இனிமே நீ படகு ஏர்றதுக்குள்ள பஸ்ஸு மேல பஸ்ஸு ஏறி ராமேஸ்வரம் போவணும்.

நம்மாளுக்குக் கடல் ஒத்துவராதுன்னு சொல்லல. வேலூர்ல பொறந்த விஷ்ணு சரவணன் பட்டாளத்துல சேந்து, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல பாய்மரத்துக்கு வெண்கலம் வாங்கிக்கினு வந்தாரே. நாலு மீட்டர் சொச்சம் படகு, ஒரு பாய், ஒரு ஆளு. காத்து ஒரு பக்கம் சாய்ச்சா, எதிர்ப்பக்கம் காலை மாட்டிக்கினு ஒடம்பை வெளிய போட்டு அந்தரத்துல தொங்கணும். வெறும் படகு அறுபது கிலோகூட இல்ல. நீ எம்பதைத் தாண்டிட்ட. யாரு யாரை ஏத்திக்கினு போறதுன்னு மொதல்லயே பேசி முடிச்சிடுங்க.

எதிர்காத்துல நேரா போலாம்னு நெனைக்காத. இப்பிடிக் கொஞ்சம் சாஞ்சி, அப்பிடிக் கொஞ்சம் சாஞ்சி, கோணக் கோணயா ஏறணும். கம்பெனிக்காரன்கிட்ட ஷூ ஜாப் ஒர்க் பில்லு வசூல் பண்றியே, அந்த நடைதான். அதுல மட்டும் உனக்குப் பயிற்சி பத்தும்.

உப்பைப் பத்தி நான் சொல்லணுமா? டேனரியில தோலுக்கு உப்புத் தட்டற எடத்துல, தகரக் கூரையும் ஆணியும் எந்த லட்சணத்துல கெடக்குதுன்னு பாத்தவன்தானே நீ. இங்க உப்பு மூட்டையில வருது, அங்க காத்துலயே வருது. படகுக்கு அடியில துத்தநாகக் கட்டி ஒண்ணு திருகி வெப்பாங்க. உப்புத்தண்ணி மத்த உலோகத்தை உட்டுட்டு மொதல்ல அதைத்தான் அரிக்கும். தேஞ்சி போச்சின்னா புதுசு மாட்டணும். தள்ளிப் போட்டியோ, அடுத்த பந்தி உன் இன்ஜின்தான். அடியில கொட்டலசுன்னு ஓட்டுப் பூச்சி அப்பிக்கும், கரையேத்திச் சுரண்டணும். தோல்ல சவ்வு எடுத்த கை நமக்கு, அதை நீ ஜெயிச்சிடுவ. ஞாயித்துக்கிழமைதான் போயிடும்.

தீவுல எறங்கி மீன் சுட்டுத் திங்கலாம்னு எவனோ ஆசை காட்டினானாமே? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற 21 தீவும் 1986லயே கடல் தேசியப் பூங்கா ஆயிடுச்சி. வனத்துறை அனுமதி இல்லாம கால் வெக்க முடியாது. தூர நின்னு ஒரு கும்புடு போட்டுட்டுத் திரும்பு. சரி, பாம்பனைத் தாண்டி வடக்கால போலாம்னா, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல நடுத்துண்டு 17 மீட்டர் மேல ஏறும், உண்மைதான். மாப்ள வர்றாருன்னு ரயிலை நிறுத்திட்டு ஏத்துவாங்களா? அந்தப்பக்கம் பாக் விரிகுடா ஆழம் கம்மி, அடிக்கட்டை நீட்டா தொங்கற படகு மணல்ல குந்திக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் முப்பது கிலோமீட்டர்கூட இல்ல. நீ பாயை இறக்கத் தெரியாம முழிக்கறப்ப நீவாடுன்னு சொல்ற கடல் ஓட்டம் இழுத்துக்கினு போச்சின்னா, இலங்கை நேவிக்காரன்கிட்ட தோல் யாவாரம்னு சொல்லிப் பாரு.

அதனால ஒண்ணு பண்ணு. தொண்டிப் பக்கம் திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி உடுவாங்க. மீன்காரங்க கைகாலப் புடிச்சி, ஒரு வள்ளத்துல பாரத்துக்குக் குந்திக்க எடம் கேளு. வாந்தி அடங்கின பொறவு விலை பேசலாம்.

கடைசியா ஷூ சமாச்சாரம் ஒண்ணு. 1935ல அமெரிக்காவுல பால் ஸ்பெரின்னு ஒருத்தரு, தன் நாய் பனிக்கட்டி மேல வழுக்காம ஓடறதைப் பாத்துட்டு, ரப்பர் அடியில கீறல் போட்டுப் படகுக்குன்னே ஒரு ஷூ பண்ணாரு. அதான் போட் ஷூ. நம்ம பொம்பளைங்க திண்ணையில குந்திக்கினு கையால தெக்கற மொக்காசின்னும் அதே வகையறாதான். உன் யூனிட்ல அந்த அடி போட்டுத் தெச்சா, ஒம்பதாம் நம்பர்ல ஒரு ஜோடி எனக்கு எடுத்து வெய்யி. படகுக்கெல்லாம் இல்ல, மாட்டுக்கொட்டாயில வழுக்குது.