வாங்கு மருமவனே, நல்லா வாங்கு

உக்காரு மருமவனே. அந்த போனை இப்படிக் காட்டு. ஓ, இதான் அந்த வண்டியா? கறுப்பு நெறம். பி.எம்.டபிள்யூ 520டி, 2013 மாடல். ஓடினது 1,20,000 கிலோமீட்டர், வெலை எட்டரை லட்சம். புதுசுல நாப்பது லட்சத்துக்கு மேல போன வண்டி, அதனால முப்பது லட்சம் லாபம்ங்கறே. ஒத்துக்கறேன். அந்த முப்பது லட்சம் உன் பாங்குக் கணக்குல வந்து விழுந்த அன்னிக்கு எனக்கு ஒரு டீ வாங்கிக் குடு.

நான் வேணாம்னு சொல்லப் போறதில்ல. வேணாம்னு சொன்னா நீ கண்டிப்பா வாங்கிடுவே, உங்க தாத்தன் ரத்தம் அப்படி. அதனால வாங்குன்னே சொல்றேன். நம்ம படவேடு இன்னா சும்மா ஊரா? சம்புவராயன் தலைநகரா வச்சு ஆண்ட ஊரு. விஜயநகரத்துக் குமார கம்பணன் படை திரட்டிக்கினு வந்து ஜெயிச்ச ஊரு. ராசா நடந்த தெருவுல நீ எக்ஸெல் வண்டியில சேலை மூட்டையைக் கட்டிக்கினு போனா நமக்குத்தானே அசிங்கம்? நாலு தறி ஓடுது, ஆரணிக் கடைக்காரன் மாசாமாசம் சேலை எடுக்கறான். ஒன்னுபுரத்துக்காரன் இன்னோவால வந்து எறங்கறான். நீ உன் ஆல்டோவுல எறங்கினா கடைக்காரன் கடன் பாக்கியைக்கூட ஒழுங்காத் தர மாட்டான். புரியுது, புரியுது.

கிலோமீட்டரைப் பாத்து பயந்துக்கறாங்களே சில பேரு, அவங்க பேச்சைக் கேக்காதே. கிரீஸ் நாட்டுல கிரிகோரியோஸ் சாச்சினிடிஸ்னு ஒரு டாக்ஸிக்காரரு. 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி வச்சிருந்தாரு. 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004ல கம்பெனி மியூசியத்துக்கே குடுத்துட்டாரு. அமெரிக்காவுல இர்வ் கார்டன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு, 1966ல வாங்கின வோல்வோவுல முப்பது லட்சம் மைலைத் தாண்டினாரு. அவ்ளோ தூரம் எதுக்கு? ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பா கோயிலுக்கு சனங்களை அடைச்சு ஏத்திக்கினு போனேனே, என் அம்பாசிடர் டீசல், அது எவ்ளோ ஓடிச்சுன்னு ஆத்தாளுக்குத்தான் தெரியும். மீட்டர் கேபிள் அறுந்ததோட சரி, நான் மாத்தவே இல்ல.

ஆனா அந்த டாக்ஸிக்காரருக்கும் வாத்தியாருக்கும் ஒரு வசதி இருந்துச்சு. எந்த மாசம் ஆயில் மாத்தினோம், எங்க இடிச்சோம், யார் ஸ்பேனர் போட்டான், எல்லாம் அவங்களுக்கே தெரியும். உனக்கு இன்னா தெரியும்? இதை விக்கற வேலூர் புரோக்கர் சொன்னது தெரியும். “டாக்டர் வண்டிங்க, ஒரே கை”ன்னிருப்பான். எனக்குத் தெரிஞ்சு பழைய கார் விக்கறவன் எல்லாருக்கும் ஒரு டாக்டர் கீறாரு. இத்தினி காரையும் வச்சுக்கினு அந்த டாக்டருங்க எப்போ ஊசி போடறாங்களோ.

நீ நூல் வாங்கறப்போ வியாபாரி சொல்லை நம்புவியா? ஒரு இழையை உருவி நெருப்புல காட்டுவே. முடி கருகின நாத்தம் வந்து சாம்பல் பொடியா உதிர்ந்தா பட்டு, உருகி உருண்டை புடிச்சா பாலியஸ்டர். முந்நூறு கிராம் நூலுக்கு இவ்ளோ பரீட்சை வைக்கறவன், எட்டரை லட்சத்துக்கு போன்ல போட்டோ பாத்துட்டு வந்து நிக்கறியே! மீட்டரை லேப்டாப் வச்சு குறைக்கறது இப்போ அரை மணி நேர வேலை. அதனால மீட்டரைப் பாக்காதே, பிரேக் பெடல் ரப்பரைப் பாரு. ஸ்டீயரிங் தோல் வழவழன்னு மின்னுதா, டிரைவர் சீட்டோட வெளி ஓரம் நசுங்கி வெடிச்சிருக்குதா பாரு. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரத்துல செஞ்ச டயர். நாலு டயரும் நாலு வருஷத்துதா இருந்தா, ஆளு அப்பப்போ கையில இருந்த காசுக்கு ஓட்டியிருக்கறான்னு அர்த்தம். சேசிஸ் நம்பரைக் குடுத்து கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு கேளு. இந்த பி.எம்.டபிள்யூக்காரன் சாவிக்குள்ளகூட கிலோமீட்டரை எழுதி வச்சிருக்கறான், கம்பெனி ஒர்க்‌ஷாப்புல சொருகினா சொல்லிடும். புரோக்கருக்கு மீட்டர் ஞாபகம் வரும், சாவி ஞாபகம் எப்பவும் வராது.

நம்பர் பிளேட்டு இன்னா? டி.என். 09. அது சென்னை கே.கே. நகர் ஆபீஸ் ஆச்சே. சரி, ஒரு சின்ன கேள்வி. இந்த வண்டி 2015 டிசம்பர் முதல் வாரத்துல எங்க நின்னுச்சு? சிரிக்காதே. அந்த வெள்ளத்துல அண்டர்கிரவுண்டு பார்க்கிங்ல இருந்த பெரிய பெரிய காரெல்லாம் கூரை வரைக்கும் முழுகிச்சு. ரிப்பேர் செலவு கட்டாதுன்னு இன்சூரன்ஸ்காரன் முழுப்பணம் குடுத்துட்டு வண்டியை ஏலத்துல தள்ளினான். ஏலம் எடுத்தவன் கழுவி, காய வச்சு, செண்ட்டு அடிச்சு எந்த ஊருக்கு அனுப்பினான்னு நெனைக்கறே? கே.கே. நகர்லயேவா விப்பான்? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து அதே கதை இன்னொரு தரம் நடந்துச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு, எவனும் அந்த அடிநுனியைக் கழுவறதில்ல, சேத்துக்கோடு அங்கதான் நிக்கும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி பள்ளத்துல கையை விட்டுப் பாரு. இந்த மாதிரி வண்டியில கம்ப்யூட்டர் பொட்டியெல்லாம் சீட்டுக்கு அடியிலயும் டிக்கியிலயும்தான் இருக்கும். தண்ணி பட்ட ஒயர் அன்னிக்கே சாவாது, ரெண்டு வருஷம் கழிச்சு, நீ பொண்டாட்டியோட திருப்பதி மலை ஏறிக்கினு இருக்கும்போது சாவும்.

இன்னொண்ணும் காட்டறானா? ஆடி காரு, டெல்லி வண்டி, அஞ்சு லட்சமா? நல்லா மலிவாத்தான் கீது. மலிவு ஏன்னு கேட்டியா? பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டி டெல்லி ரோட்டுல ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015லயே சொல்லிச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிச்சு. அப்புறம் கெடுபிடி ஏறுது, எறங்குது, அது வேற கதை. ஆனா அங்க இருக்கறவனுக்கு பயம் வந்துட்டுது, வந்த வெலைக்குத் தள்ளறான். அதைக் கொண்டாந்தா அங்கருந்து ஃபார்ம் 28ல தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க ஆயுள் வரி கட்டணும். வண்டி வயசுக்குத் தக்கபடி வரியைக் குறைப்பாங்க. ஆனா கணக்கு ஆரம்பிக்கறது நீ குடுத்த அஞ்சு லட்சத்துலருந்து இல்ல, அது பொறந்தப்போ இருந்த வெலையிலருந்து.

அந்தப் பொறந்த வெலையைத்தான் நீ மறந்துட்டே. நாப்பது லட்சம் எட்டரை லட்சமா எறங்கினது வண்டிதான், அதோட ஸ்பேர் பார்ட்ஸ் ஒண்ணும் எறங்கலை. ஹெட்லைட்டுக்கு நீ வண்டியை எவ்ளோவுக்கு வாங்கினேன்னு தெரியாது. அது நாப்பது லட்ச ரூபா வண்டியோட ஹெட்லைட்டு, அந்த வெலைக்குத்தான் வரும். பேட்டரி மாத்தினாக்கூட புதுசா ஒரு பேட்டரி வந்திருக்குதுன்னு கம்ப்யூட்டர்ல பதியணும். நம்ம ஆரணி பேட்டரிக் கடைக்காரன் மாட்டிட்டு “ஓட்டுண்ணா”ம்பான், வண்டி உள்ளுக்குள்ள பழைய பேட்டரின்னே நெனைச்சு சார்ஜ் ஏத்திக்கினு இருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை மாத்தவே வேணாம், ஆயுசுக்கும் வரும்னு புரோக்கர் சொல்லியிருப்பானே? அந்த கியர்பாக்ஸ் செஞ்ச ஜெர்மனி இசட்.எஃப் கம்பெனிக்காரன் 80,000லருந்து 1,20,000க்குள்ள, இல்லன்னா எட்டு வருஷத்துல மாத்துன்னு சொல்றான். உன் வண்டி சரியா இன்னா ஓடியிருக்குதுன்னே? அதான். ஆயில் மாத்தற செலவு வர்ற இடத்துல வந்து வித்துட்டு போயிட்டாரு உங்க டாக்டரு.

இன்ஜின்ல டைமிங் செயின்னு ஒண்ணு கீது. இந்த ரகத்து டீசல்ல அதை முன்பக்கம் வைக்காம பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா வச்சுட்டான். ஆரம்ப வருஷத்து வண்டிங்கள்ல அது தேஞ்சது ஊரறிஞ்ச சங்கதி, உன்னுது கொஞ்சம் பிந்தினது, தப்பிச்சிருக்கலாம். தப்பிக்கலைன்னா செயினை மாத்த இன்ஜினையே எறக்கணும். செயினு சின்னதுதான், கூலியைக் கேட்டா கூறைப்பட்டு எத்தினி நெய்யணும்னு கணக்குப் போட ஆரம்பிச்சுடுவே.

எறக்கறது யாரு? சந்தவாசல்ல பஞ்சர் போடறவனா? வேடிக்கை இன்னான்னா, இந்த வண்டியைக் கட்டற ஃபாக்டரி 2007லருந்து நம்ம செங்கல்பட்டுப் பக்கம் சிங்கப்பெருமாள் கோயில்லதான் கீது. கட்டறது பக்கத்துல, காட்டறதுக்கு சென்னை, இல்ல பெங்களூரு. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போயிடும், மேல ஏத்திக்கினு போற லாரியைக் கூப்பிடணும். இன்சூரன்ஸ் கீதேன்னு சொல்லாதே. பம்பர் டு பம்பர்னு சொல்றானே, அதை இத்தினி வயசான வண்டிக்கு லேசுல தர மாட்டான். பத்து வருஷம் தாண்டிச்சுன்னா இரும்பு பார்ட்ஸுக்குப் பாதி, ரப்பர் பிளாஸ்டிக்குக்குப் பாதி உன் கையிலருந்துதான். அதுவும் இடிச்சாத்தான் தருவான், தானா தேஞ்சதுக்கு இன்சூரன்ஸ் கெடையாது.

அதனால நான் சொல்றது இதான். எட்டரை லட்சத்துக்கு வண்டி வாங்கறவன்கிட்ட பன்னண்டு லட்சம் இருக்கணும். மிச்ச மூணரையை வண்டி பேர்ல தனியா போட்டு வையி, பொண்டாட்டிகிட்டகூட சொல்லாதே. ஆடி மாசத்துல சேலை போவாது, தறிக்காரனுக்குக் கூலி குடுக்கவே திண்டாடுவே. வண்டிக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. மூணரை இல்லையா, அப்போ கடன் வாங்கி எட்டரையைக் குடுத்துட்டு, வண்டியை வாசல்ல நிறுத்தி மேல துணியைப் போட்டு வையி. கௌரவம் குறையாது, டீசலும் மிச்சம். கடைக்காரன் கேட்டா, நாளு பாத்து எடுப்பேன்னு சொல்லு.

ஆல்டோவை விக்கறப்போ மட்டும் அவசரப்படாதே. ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி, ஆர்.சி.ல வாங்கினவன் பேரு ஏறினதைக் கண்ணால பாத்துட்டு வா. 2018ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடிச்சு, ஆர்.சி.ல யார் பேரோ அவன்தான் சொந்தக்காரன், விபத்து ஆச்சுன்னா அவன்தான் பதில் சொல்லணும்னு. வாங்கறதுலயும் அதே கண்ணு வேணும். பழைய லோன் ஏறியிருக்குதா, அபராதம் நிலுவை கீதான்னு எம்பரிவாஹன் ஆப்புல நம்பரைப் போட்டா வந்துடும். லோன் இருந்தா, அது முடிஞ்சுதுன்னு ஃபார்ம் 35ல பாங்குக்காரன் கையெழுத்து கீதான்னு பாரு. 2028ல பதினஞ்சு வருஷம் முடியும், திரும்பப் பதியணும். அதுக்குள்ள நீ வேற எவன் தலையிலயாவது கட்டியிருப்பே, அது உன் கவலை இல்ல.

சரி, நாளைக்கு வேலூர் போறோம். விடியகாலம் கெளம்பணும், புரோக்கர் கடை தொறக்கறதுக்கு முன்னாடி அங்க நிக்கணும். பானெட்டுல கையை வச்சுப் பாக்கணும், சூடா இருந்துச்சுன்னா ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி சத்தத்தை அடக்கி வச்சிருக்கறான்னு அர்த்தம், திரும்பி வந்துடலாம், வழியில இட்லி சாப்பிட்டுக்கலாம். போறப்போ முன் சீட்டு எனக்கு. கழுத்துச் செயினைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வா. அங்க பேசறது நான், நீ வாயைத் தொறக்காதே. உன் மூஞ்சியைப் பாத்தான்னா எட்டரை ஒம்போதாயிடும்.