ஒரு கிளிக், ஒரு நெத்தலி

படுவான்கரையில் ஊருக்கு ஒரு நாய் வாத்தியாராவது இருப்பார். பழுகாமத்திலும் இருக்கிறார். கட்டாரில் நாலைந்து வருடம் காவல் வேலை பார்த்துவிட்டு, பெரிய பெட்டியோடும் சின்னச் சேமிப்போடும் வந்து இறங்கியவர். சேமிப்பு கூரை ஓட்டுக்குப் போய்விட்டது. பெட்டிக்குள் மிஞ்சியது பெருவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் சாமான். உள்ளே ஒரு தகடு. அமுக்கினால் ‘கிளிக்’.

“இது என்னத்துக்கு மனே?” என்றார் அம்மா.

“நாய் பழக்க.”

“நம்மட மணிக்குக் குலைக்கத் தெரியும், தின்னத் தெரியும். மறுகா என்ன வேணும்?”

வாத்தியாரைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது அவருடைய சுணக்கம். பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்குப் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர் அவர். கடைக் கொப்பியில் அவர் பெயருக்குத் தனிப் பக்கம் உண்டு. உரத்துக்கு வாங்கின கடனை வெள்ளாமை வெட்டியதும் தருவேன் என்பார். எந்த வருடத்து வெள்ளாமை என்று சொல்லமாட்டார். அப்பேர்ப்பட்டவர் போய் விழுந்தது, அரைச் செக்கன் பிந்தினாலே பாழாகிற ஒரு வித்தையில்.

வித்தை பார்வைக்கு லேசு. முதலில் எதுவும் பழக்குவதில்லை. கிளிக் என்று ஒரு சத்தம், கையோடு ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு. மறுபடி சத்தம், மறுபடி கருவாடு. இருபது முப்பது தரம் இப்படி நடந்தால், சத்தம் கேட்டால் சாப்பாடு நிச்சயம் என்று நாய்க்கு விளங்கிவிடும். அதன் பிறகு அது தன்பாட்டில் குந்தும் நேரம் பார்த்து, பின்பக்கம் நிலத்தில் படுகிற அந்தக் கணத்தில் அமுக்க வேண்டும். பிந்தினால் நாய் எழும்பிவிடும். எழும்பியதற்குத்தான் கூலி என்று அது எண்ணிக்கொள்ளும். வாத்தியார் முதல் கிழமை முழுக்கப் பிந்தினார். குந்தியிருக்க வேண்டிய மணி, தோப்புக்கரணம் போடப் பழகியது.

ஆனாலும் அவர் விடவில்லை. இந்த வித்தையில் ஒரு சத்தியம் உண்டு: கை தவறி அமுக்கினாலும் கூலி கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காத சத்தத்தை நாய் நம்பாது. ஊரில் எத்தனையோ பேருக்குத் தவணை சொன்ன மனிதர், மணிக்கு மட்டும் கைமேல் கொடுத்தார். கடை முதலாளிக்கு இது பொறுக்கவில்லை.

“நாய்க்குக் கையில, எனக்குக் கொப்பியிலயா?”

“நீங்க ஒருநாளும் குந்திக் காட்டல்லயே முதலாளி.”

பாடம் நடப்பது அந்தக் கடை வாங்கில்தான். “நாய் குந்தினது படுவான்கர. கருவாடு எழுவான்கர. நடுவில ஆறு. இந்தச் சத்தம்தான் பட்டிருப்புப் பாலம்” என்பார். உவமை அவருடையதுதான், ஆனால் பாலம் என்ற எண்ணத்துக்கு எண்பது வயது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான மரியன், கெல்லர் பிறிலண்ட் தம்பதியினர் 1943இல் அமெரிக்காவில் விலங்கு பழக்குவதையே தொழிலாக்கி ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். செயலுக்கும் இரைக்கும் இடையில் ஒலிக்கிற சத்தத்தைப் பாலம் என்றே அழைத்தார்கள். 1951இல் ஸ்கின்னர், ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், பிள்ளைகள் கையில் வைத்து அமுக்கி விளையாடும் சாமானைக் கொண்டே நாய் பழக்கலாம் என்று எழுதினார். எழுதியும் நாய்க்காரர்கள் அசையவில்லை. பிரம்பும் சங்கிலியும் கைக்குப் பழகியிருந்தன. டொல்பினிடம் அந்தப் பருப்பு வேகாது. 1963இல் ஹவாயின் கடல் பூங்காவில் டொல்பின் பழக்க வந்த கரன் பிறையரின் கையில் விசில்தான் இருந்தது. அந்தரத்தில் பாய்கிற பிராணியின் வாயில் மீனை வைக்க முடியாது, காதில் விசிலை வைக்கலாம். இந்த முறை நாய் உலகத்தில் பரவலானது 1990களில். பழுகாமத்துக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் சுணங்கியது. வந்த வழி நம் வாத்தியார் அல்லவா.

ஒருநாள் எலிக் கதை சொன்னார். தன்சானியாவில் அப்போபோ என்ற அமைப்பு பெரிய எலிகளை இதே கிளிக் சத்தத்தால் பழக்கிக் கண்ணிவெடி தேட விடுகிறது. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020இல் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். வயல்காரர் ஒருவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “எலிக்குப் பதக்கமா? எங்கட வட்டைக்குக் கூட்டி வாகா. வெட்டின கதிருக்கு நான் மாலையே போடுறன்.”

இன்னொரு நாள் ரக்கூன் கதை. பிறிலண்ட் தம்பதியினர் 1961இல் எழுதிய கட்டுரையில் வருவது. மரநாயளவான அந்தப் பிராணிக்கு நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கினார்கள். ஒரு நாணயம் வரைக்கும் எப்படியோ சமாளித்தார்கள். இரண்டு கொடுத்ததும் அது உண்டியலை மறந்து, இரண்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்துவிட்டது. இரையைக் கழுவுவதுபோல உரசுகிற பிறவிக் குணம், பழக்கின பழக்கத்தை மேவிவிட்டது.

“காசக் கையில எடுத்தா விடமாட்டுதா?” என்றார் முதலாளி. “அது உனக்கு என்ன முறை?”

அதோடு ரக்கூன் கதை நின்றது.

பிறகு ஒரு மழை நாளில் அந்தப் பிளாஸ்டிக் சாமான் உழவு மெசின் சில்லுக்குள் போய் நொறுங்கியது. வாத்தியார் கலங்கவில்லை. சத்தம்தானே வேண்டும் என்று, அமுக்கி எழுதுகிற பேனைக்கு மாறினார். மணியும் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. வினை வந்தது கிராம சேவகர் உருவத்தில். பதிவெடுக்க வந்தவர் யோசனையில் பேனையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். மணி வந்து முன்னால் குந்தியது. கருவாடு வரவில்லை. கை கொடுத்துப் பார்த்தது. உருண்டது. கடைசியில் அந்தப் பழைய தோப்புக்கரணத்தையும் போட்டது. வந்துகொண்டிருந்த கூலி திடீரென்று நின்றால், பழக்கம் சாவதற்கு முன் ஒரு தரம் இப்படிப் பொங்கி எழும் என்று ஸ்கின்னர் வழிவந்தவர்கள் சொல்வார்கள். கிராம சேவகருக்கு அது தெரியாது.

“இது என்னத்தக் கேக்குது?”

“நீங்க தரவேண்டியத்தக் கேக்குது சேர்.”

தை பிறந்து கதிர் முற்றினால் போரதீவுப்பற்று வட்டைகளில் ஆனைக் காவல் தொடங்கும். வாத்தியாரும் மணியோடு பரணுக்குப் போனார். நடுச்சாமத்தில் மணி வரம்பைப் பார்த்துக் குலைத்தது. குலையென்றால் அப்படி ஒரு குலை. கரும்பாறை மாதிரி ஏதோ அசைந்தது. வாத்தியார் டோர்ச் லைற்றை அமுக்கினார்.

கிளிக்.

மணி குலைப்பதை நிறுத்தியது. கிறுகி வந்து பரணின் கீழே குந்தி அண்ணாந்து பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாத்தியார் அரைச் செக்கனும் பிந்தவில்லை. குலைத்துக்கொண்டிருந்த கணத்திலேயே அமுக்கியிருந்தார். கொடுக்காமல் விடலாமா? சட்டைப் பையைத் தடவ லைற்றை அணைத்தார். அதுவும் ஒரு கிளிக். இப்போது இரண்டு துண்டு கடன். பொட்டலம் பலகை இடுக்கில் விழுந்துவிட்டது. தேடுவதற்கு மறுபடி அமுக்கினார். மூன்று. கீழே மணி வாலை ஆட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தது. வரம்புக்கு அங்கால் கதிர் சரசரத்தது.

அடுத்த பரணிலிருந்து சத்தம் வந்தது. “என்னகா செய்யிறாய்? ஆனை உள்ளுக்க இறங்கிற்று, வெடியப் போடுகா!”

“கொஞ்சம் பொறு மச்சான்” என்றார் வாத்தியார், முழங்காலில் நின்று பலகை இடுக்கைத் துழாவியபடி. “இதுக்கு இன்னும் மூணு குடுக்கக் கிடக்கு.”