பேனா கடையலாம், வாங்க!

கல்லூரி மாணவர், சேலம்: கையால் பேனா செய்யப் பழக முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்காதீர்கள். லேத் பட்டறைக்காரர் ஒருவரைச் சிநேகிதம் பிடியுங்கள். அவர் உளி தீட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மழுங்கிய உளியில் எபோனைட் பொடியாக உதிரும். கூரான உளியில் கறுப்பு நாடாவாகச் சுருண்டு வரும். உங்கள் கையில் நாடா வருகிற அன்றைக்குப் பர்ஸைத் திறக்கலாம்.

வாசகி, காரைக்குடி: எபோனைட் என்பது மரமா, பிளாஸ்டிக்கா?

ரப்பர், தாயே! டயரில் கந்தகம் சில சதவீதம்தான். அதையே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்றி வேகவைத்தால் ரப்பர் இறுகிவிடும். 1851-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் குட்இயரின் தம்பி நெல்சன். கடையும்போது தீபாவளி வாடை அடித்தால் கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: நிப்பையும் நானே செய்ய ஆசை.

நுனியில் ருத்தேனியம், ஆஸ்மியம் போன்ற முரட்டு உலோகக் கலவையில் ஒரு பொட்டு வைத்து, அதை மயிரிழையில் இரண்டாகப் பிளக்க வேண்டும். தனியாகப் பேனா கடையும் கெட்டிக்காரர்கள் பலரே ஜெர்மனியின் ஜோவோ, பாக் நிப்புகளை வாங்கித்தான் பொருத்துகிறார்கள். வாங்குங்கள் சார், வாத்தியார் திட்டமாட்டார்.

பொறியாளர், கோவை: இதில் ரொம்பக் கஷ்டமான வேலை எது?

மரை போடுவது. சாதாரண போல்ட் மரை போட்டால், மூடியைத் திருகித் திறப்பதற்குள் எழுத வந்தது மறந்துவிடும். அதனால் ஒன்றுக்கொன்று இடையே ஓடும் மூன்று மரைகளை வெட்டுகிறார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று மடங்கு நகர்வு. ஒன்றரைச் சுற்றில் மூடி கையோடு வந்துவிடும்.

மரை வெட்டும் டையை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்புங்கள். சிராய் உதிர வழி வேண்டும். அவசரப்பட்டால் மரை பெயர்ந்து, அதுவரை பட்ட பாடும் குப்பைக்கூடைக்கு. முதலில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் கம்பியில் போட்டுப் பழகுங்கள். எபோனைட்டின் விலை தெரிந்தால் தானாகவே பழகுவீர்கள்.

புதுமாப்பிள்ளை, மதுரை: வேட்டியோடு லேத் ஓட்டலாமா?

லேத் உங்களை ஓட்டிவிடும். கையுறை, மோதிரம், கைச்சங்கிலி, தொங்கும் முழுக்கை எதுவும் ஆகாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் சாவியை அதிலேயே விட்டு சுவிட்சைப் போட்டால் அது பறக்கும். எங்கே இறங்கும் என்று அதற்கே தெரியாது.

வாசகர், நெல்லை: நான் செய்த பேனா, மை குறைந்ததும் சொட்டுகிறது. யார் குற்றம்?

உள்ளங்கை! பேனா உடம்புக்குள்ளேயே மை ஊற்றுகிற ரகம்தானே? மை காலியான இடத்தில் காற்று. கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. உடம்புச் சுவரைத் தடிப்பாக விடுங்கள். பாதி தீர்ந்ததும் ரொப்புங்கள்.

மருத்துவர், விழுப்புரம்: பளபளத்த கறுப்பு எபோனைட் ஏன் பழுப்பாகிறது?

வெயிலும் ஈரமும் மேற்பரப்பிலுள்ள கந்தகத்தைச் சீண்டுகின்றன. நைசான உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். பேனாவின் இடம் சட்டைப்பை, மொட்டைமாடி அல்ல.

இளைஞர், காஞ்சிபுரம்: இந்தத் தொழிலில் நம்மவர்கள் யாராவது உண்டா?

ராஜமுந்திரி ரத்னம் பேனாவைப் பாராட்டி 1935-ல் காந்தியே கடிதம் எழுதினார். கையால் கடையும் ரங்கா பேனாவோ உங்களுக்குப் பக்கத்துத் திருவள்ளூரில். பஸ் ஏறுங்கள் தம்பி, என்னிடம் என்ன கேள்வி?

வியாபாரி, ஈரோடு: பத்து ரூபாய்க்குப் பால்பாயின்ட் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

கிடைக்கும். அது தொலைந்ததற்காக என்றைக்காவது வீட்டைக் கலைத்துத் தேடியிருக்கிறீர்களா?